அளந்துதான் சொல்கிறேன்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் வந்த கடிதங்களில் பாதி 'டாக்டர் ஐயா' என்று ஆரம்பிக்கின்றன. நான் டாக்டர் இல்லை. இங்கே சிங்கப்பூரில் ஒரு விளையாட்டு உடலியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் கருவிகளைக் கவனித்துக்கொண்டவன். டிரெட்மில் பெல்ட்டை இறுக்குவது, எலெக்ட்ரோடு வயர்களைச் சிக்கெடுப்பது, மூச்சுக்காற்றை அளக்கும் பெட்டியைத் தினமும் காலையில் சரிபார்ப்பது, இவைதான் என் வேலை. ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு. அவர்கள் எழுதிக்கொண்ட எண்ணை நம்பலாமா என்று பார்த்தவன் நான். பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

எனக்கு 34 வயது, ராஃபிள்ஸ் பிளேசில் கணக்காளர் வேலை. சனிக்கிழமை காலையில் 2.4 கிலோமீட்டரை 12 நிமிடத்துக்குள் ஓடிவிடுகிறேன். வேலை முடிந்த கையோடு ஐபிபிடி என்ற தேசிய சேவை உடற்தகுதிச் சோதனைக்குப் போனால் 13 நிமிடம் தாண்டுகிறது. பகல் முழுக்க நாற்காலியில்தானே இருக்கிறேன், கால் எப்படிச் சோர்ந்துபோகும்? – ஈசூன் வாசகர்

கால் சோரவில்லை, தம்பி. நூறு வருடத்துக்கு முந்தைய கேள்வி இது. இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்ற உடலியல் பேராசிரியர் இருந்தார். எர்கோகிராஃப் என்று ஒரு கருவி செய்தார். முன்கையைப் பலகையில் கட்டிவிடுவார். நடுவிரலில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் எடைக்கல். தாளம் தப்பாமல் விரலை மடக்கி மடக்கி எடையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்கும் புகைபடிந்த உருளையில் ஒரு கோடாக விழும். கோடு குட்டையாகிக்கொண்டே வந்து நின்றால் விரல் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். தன் சக ஆசிரியர் ஒருவரை, மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்துவதற்கு முன்பும் நடத்திய பிறகும் இந்தக் கருவியில் உட்காரவைத்துப் பார்த்தார் மோஸ்ஸோ. தேர்வு முடிந்து வந்த மனிதரால் முன்போல் தூக்க முடியவில்லை. விரலுக்கு அன்று ஒரு வேலையும் இல்லை, பேசியது வாய்தான். 1891ல் சோர்வைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதிவிட்டார்.

அதற்கப்புறம் ரொம்ப காலம் எல்லாரும் தசை, ஆக்சிஜன், இதயம் என்று போய்விட்டார்கள். 2009ல் சாமுவேலே மார்கோரா என்பவரும் அவர் குழுவினரும் இந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தார்கள். 16 பேர். ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையில் எழுத்துகளைப் பார்த்து, விதிப்படி பொத்தானை அழுத்தும் சலிப்பான வேலை. இன்னொரு நாள் அதே 90 நிமிடம் சும்மா ஓர் ஆவணப்படம். இரண்டு நாளும் அதன்பின் சைக்கிளை, அவரவர் உச்சத் திறனில் 80 சதவீதத்தில், முடியாது என்று சொல்லும்வரை மிதிக்க வேண்டும். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 வினாடி தாங்கினார்கள். மூளையைக் கசக்கிய நாளில் 640 வினாடி.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். மூளை களைத்த நாளில் அவர்கள் முன்கூட்டியே நின்றதற்கான காரணம் இதயத்திலோ ரத்தத்திலோ கிடைக்கவில்லை. வித்தியாசம் வந்தது 'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?' என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன எண்ணில். அந்த எண்ணுக்கு ஓர் அட்டை உண்டு. குன்னார் போர்க் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் தயாரித்தது. 6ல் ஆரம்பித்து 20ல் முடியும். ஏன் 6? பத்தால் பெருக்கினால் இதயத்துடிப்புக்கு ஏறக்குறைய பக்கத்தில் வரும் என்பதற்காக: 60 முதல் 200 வரை. எங்கள் கூடத்தில் டிரெட்மில்லுக்கு எதிர்ச்சுவரில் அதை ஒட்டியிருந்தோம். ஒருமுறை முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தபோது 'லேசு', 'கொஞ்சம் கஷ்டம்', 'ரொம்பக் கஷ்டம்' என்று நானே தமிழில் எழுதி ஒட்டினேன். ஒரு பாட்டி நடந்தபடியே அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போதும்டா சாமின்னு இதுல எங்க இருக்கு?" என்றார். 19க்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். ஆராய்ச்சியாளர் அதை அழிக்கச் சொல்லவில்லை.

ஆக, உங்களுக்கும் அதே கணக்குதான். கணக்கு முடிக்கும் மாதத்தில் சாயங்காலம் ஓடும்போது 'போதும்டா சாமி' சீக்கிரம் வந்துவிடுகிறது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே அளவு வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறுகிய, முழுபலத் தூக்கலுக்கும் பாய்ச்சலுக்கும் மூளைக் களைப்பு பெரிதாகக் குறுக்கே வருவதில்லை; அடி வாங்குவது நீடித்து ஓடும் ஓட்டம்தான். உங்கள் தண்டால் எண்ணிக்கை குறையாமல் ஓட்டம் மட்டும் பின்தங்குகிறதா என்று பாருங்கள்.

முடிந்தால் சனிக்கிழமைக்குப் பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் ஒரு மணி நேரம் முன்னால் ஒரு கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி. காஃபீன், மூளையில் களைப்பை உணர்த்தும் அடினோசின் என்ற பொருள் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே வேகம் கொஞ்சம் லேசாகத் தோன்றும். அன்றைக்குத் தூக்கம் தள்ளிப்போனால் என்னைத் திட்டாதீர்கள்.

வயது 64. பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி மெதுவோட்டம் ஓடுவேன். மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரம் போன வாரம் இதயத்துடிப்பு 168 என்று காட்டியது. நானோ பக்கத்தில் வந்தவரிடம் மீன் விலை பேசிக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது. – பிடோக் வாசகர்

மீன் விலை பேச மூச்சு இருந்ததென்றால் அந்த 168 இதயத்தினுடையது அல்ல என்பது என் சந்தேகம். கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடும், திரும்பி வரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கடிகாரம் எண்ணுகிறது. கை வீசும்போது கடிகாரம் தோலை விட்டு எழும்பி எழும்பி உட்கார்ந்தாலும் ஒளி அதேபோல் ஏறி இறங்கும். மெதுவோட்டத்தில் பலருக்கும் நிமிடத்துக்கு 160, 170 அடி விழும். அப்பாவிக் கடிகாரம் உங்கள் காலை எண்ணியிருக்கும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே ஏற்றி இறுக்கிக் கட்டுங்கள். சந்தேகம் வந்தால் நின்று, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள்.

'220லிருந்து வயதைக் கழி' என்ற சூத்திரத்தை வைத்து, 156ஐத் தாண்டிவிட்டேனே என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அது 1971ல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இருவர் அப்போதிருந்த தகவல்களைத் தொகுத்தபோது கண்ணளவில் போட்ட கோடு. 2001ல் தனாகா குழு நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு வேறு: வயதை 0.7ஆல் பெருக்கி 208லிருந்து கழிக்க வேண்டும். உங்களுக்கு 163 வரும். அதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடும், குறையும்.

கருவியை நம்பி நான் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். மூச்சளக்கும் பெட்டியைச் சரிபார்க்க 3 லிட்டர் பம்பு ஒன்று உண்டு, பெரிய ஊசிக்குழல் மாதிரி. காலையில் அதை இழுத்துத் தள்ளி, 'இதுதான் 3 லிட்டர், மனதில் வை' என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒருநாள் பம்பின் ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசிந்தது எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனது 2.6 லிட்டர்தான். பெட்டி அதை 3 என்று எழுதிக்கொண்டது. அன்று வந்த வார இறுதி ஓட்டக்காரர் ஒருவருக்கு ஆக்சிஜன் உச்ச அளவு (உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கு) 58 என்று வந்தது. பையன் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். மறுவாரம் வளையம் மாற்றி அளந்தால் 50. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

விரலால் எண்ணியும் 168 வந்தாலோ, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் இருந்தாலோ இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

புக்கிட் தீமா குன்று ஏறி இறங்கிய மறுநாள் தொடை வலி. லாக்டிக் அமிலம் தேங்கியதாலா? – ஜூரோங் வாசகி

இல்லை. அது ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். மறுநாள் வலி, இறங்கும்போது தசை நீண்டபடியே பாரம் தாங்கியதில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது. அடுத்த தடவை இவ்வளவு வலிக்காது.

என் தம்பி சாயங்காலம் 5 மணிக்குப் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறான். வியர்வை கொட்டினால் கொழுப்பு கரையுமாம். சொன்னால் கேட்பதில்லை. – செங்காங் வாசகி

இதை வெட்டி அவன் கண்ணாடியில் ஒட்டுங்கள், அக்கா. சொட்டுகிற வியர்வை வீண். உலர்கிற வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும். ஒரு கிராம் உலர்ந்தால் ஏறக்குறைய 2.4 கிலோஜூல் சூட்டைக் கொண்டுபோகும். தசை எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவுதான் ஓட்டமாக மாறுகிறது, மீதி எல்லாம் சூடு. பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் அந்தச் சூடு எங்கே போகும்? தராசில் இறங்குவது தண்ணீர், இரண்டு டம்ளர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

நம் ஊரில் வெப்பமானி பார்ப்பதைவிட டபிள்யூபிஜிடி என்ற எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். 1950களில் அமெரிக்கப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தபோது உருவான அளவு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், கறுப்புக் கோளத்துக்குள் இருப்பதற்கு 20, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. காற்றின் ஈரத்துக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்! 2023லிருந்து இங்கே வெப்ப அழுத்த அறிவுரை இதை வைத்துத்தான் வருகிறது: 31க்குக் கீழே குறைவு, 31லிருந்து மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

குளிர்ச்சிக்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. 2010ல் வெளியானது. 34 டிகிரி அறையில் பத்து ஆண்கள் ஓடினார்கள். குளிர்ந்த தண்ணீர் குடித்துவிட்டு ஓடியபோது சராசரியாக 40.7 நிமிடம், அதே அளவு பனிக்கூழ் (ஐஸ்கிரீம் இல்லை, பொடித்த பனிக்கட்டிக் கூழ்) குடித்துவிட்டு ஓடியபோது 50.2 நிமிடம். பனி உருகவே கிராமுக்கு 334 ஜூல் வேண்டும். அதை வயிற்றுக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஐஸ் கச்சாங் ஆகுமா என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். பனி ஆகும், மேலே ஊற்றும் பாகும் சோளமும் அவன் கரைக்க நினைக்கும் கொழுப்புக்கு உரம்.

ஒரு விஷயம் கவலைக்குரியது. ஓட்டத்தை நிறுத்திய நேரத்தில், பனிக்கூழ் குடித்தவர்களின் உடல்சூடு தண்ணீர் குடித்தவர்களைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. குளிர்ச்சியை உணர்ந்த மூளை 'இன்னும் போகலாம்' என்று விட்டிருக்கிறது. அதனால் பனிக்கூழ் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் உங்கள் தம்பி கூடுதலாக ஒரு சுற்று ஓடக் கூடாது. பிளாஸ்டிக் சட்டையோடு, கூடவே கூடாது.

தாத்தா, நான் தொடக்கநிலை 6. நாஃபா என்ற பள்ளி உடற்தகுதிச் சோதனைக்கு 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். கட்டிலில் படுத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே ஓடிப் பழகினால் போதாதா? – தெம்பனிஸ் மாணவன்

சிரிக்க மாட்டேன். இதை நிஜமாகவே சோதித்திருக்கிறார்கள். 1992ல் யுவே, கோல் என்ற இருவர் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழு நான்கு வாரம் விரலைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பழகியது. இன்னொரு குழு தள்ளுவதாக நினைத்து மட்டும் பார்த்தது, விரல் அசையவில்லை. நிஜமாகத் தள்ளியவர்களின் பலம் 30 சதவீதம் கூடியது. நினைத்துப் பார்த்தவர்களுக்கு? 22 சதவீதம்! ஒன்றும் செய்யாதவர்களுக்கு 4கூட இல்லை. தசை பெருக்காமலே, அதற்கு மூளை அனுப்பும் கட்டளை பலமாகிவிட்டது.

உடனே கட்டிலுக்கு ஓடாதே. சுண்டுவிரல் வேறு, 1.6 கிலோமீட்டர் வேறு. நினைத்துப் பார்ப்பதால் இதயம் அதிக ரத்தம் தள்ளப் பழகாது, தொடைக்குள் புதிய ரத்தக்குழாய் முளைக்காது. வாரம் மூன்று நாள் வெளியே ஓடு. இரவில் கண்ணை மூடி, கடைசிச் சுற்றில் கையும் காலும் எப்படி வருகின்றன என்று ஒருதரம் ஓட்டிப் பார்த்துக்கொள், அதில் தப்பில்லை. சோதனை முடிந்ததும் எத்தனை நிமிடம் என்று எனக்கு எழுது. கைக்கடிகாரத்தில் பார்த்த நேரம் வேண்டாம், ஆசிரியர் எழுதிக்கொண்டதைக் கேட்டு எழுது.