பலகை தொங்கினால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: நாற்பது வருடப் பழைய தீம் பார்க் ஒன்றுக்குப் போனோம். நாலு ரைடுகளில் 'பராமரிப்புப் பணி' என்று பலகை, ரோலர் கோஸ்டர் வேறு ஏறும் வழியிலேயே நின்றுவிட்டது. இதையெல்லாம் நம்பி ஏறலாமா?

பதில்: நின்றதற்காகப் பயப்படாதீர்கள். பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு வண்டி என்று கணக்கு வைத்திருப்பார்கள். ஒரு சென்சாருக்குச் சின்ன சந்தேகம் வந்தாலும் கணினி நிறுத்திவிடும், அது அதன் வேலை.

பலகை விஷயம் வேறு. சக்கரத்தின் மேலுறை தேய்ந்தால் மாற்றிவிடலாம், சுலபம். தலைவலி உலோகச் சோர்வுதான். வருடக்கணக்காக அதே வளைவில் அதே அழுத்தத்தை வாங்கிய அச்சிலும் வெல்டிங்கிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அதைப் பிடிக்க வண்டியைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, காந்தத் துகளோ அல்ட்ராசவுண்டோ வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் உதிரி பாகம். சில சமயம் ரைடைச் செய்த கம்பெனியே இருக்காது, ஒவ்வொன்றையும் புதிதாகக் கடைந்தெடுக்க மாதக்கணக்கில் ஆகும். கலிபோர்னியா டிஸ்னிலேண்டிலேயே, 1977-இல் திறந்த ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டரை 2003-இல் மூடி, தண்டவாளத்தை முழுக்க மாற்றி 2005-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

ஆனால் பலகையே துருப்பிடித்து வருடக்கணக்கில் தொங்குகிறதென்றால் அது பராமரிப்பு இல்லை, கையில் காசில்லை என்று அர்த்தம். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும் முன் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள்.