நான்கைந்து முறை வாசித்தும் படித்தது மறந்துபோகிறது. எப்படிப் படித்தால் மனதில் நிற்கும்?

கேள்வி கேட்டவர் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர். தினமும் ஆறு மணி நேரம் படிப்பதாகவும், ஒவ்வொரு பாடத்தையும் நான்கைந்து தடவை வாசித்தும் அடுத்த வாரம் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை என்றும், தனக்கு ஞாபக சக்தியே குறைவோ என்றும் கேட்டிருக்கிறார்.

ஞாபக சக்தி எல்லாம் சரியாகத்தான் இருக்கும். நான்கைந்து தடவை வாசிக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் வினை. அதையே செய்து இரண்டு முறை தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வைக் கோட்டைவிட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. இரவு ஏழு மணிக்கு மேல்தான் படிப்பு. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று ஹைலைட்டர் அடித்துத் தள்ளினேன். புத்தகம் திருவிழாத் தேர் மாதிரி இருக்கும். மூன்றாவது தடவை வாசிக்கும்போது எந்த வரியைப் பார்த்தாலும் ‘அட, இது தெரியுமே’ என்று தோன்றும். அந்தத் தெம்பில்தான் தேர்வுக்குப் போனேன்.

காவடிச் சிந்தின் தந்தை யார் என்று ஒரு கேள்வி. விடைகளில் பாரதியாரும் இருக்கிறார், அண்ணாமலை ரெட்டியாரும் இருக்கிறார். அந்தப் பக்கம் அப்படியே கண்முன் நிற்கிறது. இடது பக்கம், கீழ் மூலை, ஆரஞ்சு அடித்த வரி. வண்ணம் தெரிகிறது, வரி தெரியவில்லை! ‘சிந்துக்குத் தந்தை’ என்று பாரதிதாசன் பாரதியைப் பாடியது மட்டும் மண்டையில் ஓட, பாரதியாருக்கு வட்டத்தை நிரப்பிவிட்டு வந்தேன். விடை அண்ணாமலை ரெட்டியார்.

பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்ல வருவது வேறு. கடைத்தெருவில் ஒருவர் சிரிக்கிறார், முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர் மட்டும் வாயில் வர மாட்டேன் என்கிறதே, அந்தக் கதைதான். திரும்பத் திரும்ப வாசித்தால் முகம்தான் பழகும், பெயர் பழகாது.

நூலகத்தில் என் எதிரே உட்கார்ந்து படித்த ஒரு அண்ணன் ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில், படித்ததில் நினைவுக்கு வருவதை எழுதுவார். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்ப்பார். அவ்வளவுதான் அவருடைய ரகசியம். நானும் செய்து பார்த்தேன். முதல் நாள் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு செய்தி இருந்தால் மூன்றுதான் வந்தது. இது படிப்பா அவமானமா என்று இருந்தது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஒரு பகுதியை ஒரு சாரார் இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்களே முன்னால். அவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் அப்படியே தலைகீழ். படித்து மட்டும் வைத்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நம்மை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிடக் கணக்குதான். படித்து முடித்த கையோடு ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று தோன்றுவதை நம்பக்கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை திருப்பிப் பார்ப்பது? ஜெர்மனிக்காரர் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, கணக்கெடுத்து 1885-இல் வெளியிட்டார். முதலில் படிக்கச் செலவான உழைப்பில், ஒரு நாள் கழித்துத் திரும்பப் படிக்கும்போது மிச்சமானது மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. அதாவது போகிறதெல்லாம் பெரும்பாலும் முதல் நாளிலேயே போய்விடுகிறது. ஆகவே முதல் திருப்புதல் மறுநாளே இருக்க வேண்டும். அடுத்தடுத்தவற்றைத் தள்ளிப் போடலாம்.

இந்த நாள் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு அலைய முடியாது. அதற்கு ஒரு பெட்டி வைத்தேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை, லைட்னர் என்பவர் 1972-இல் எழுதிய முறை. ஒரு செருப்புப் பெட்டியில் அட்டை வெட்டி நான்கு அறை தடுத்தேன். சீட்டின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. முதல் அறையில் இருப்பதைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, கடைசி அறையை மாதம் ஒருமுறை எடுப்பேன். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். இதையே செய்யும் ஆங்கி என்ற செயலி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் போனைத் திறந்தால் நான் ஆங்கியோடு நிற்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி கேட்பது அம்மா. ஐந்தாவது வரை படித்தவர். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஒவ்வொரு சீட்டாக எடுப்பார்.

“சட்டப்பிரிவு முப்பத்திரண்டு என்னடா?”

“உச்ச நீதிமன்றத்துல நீதிப்பேராணை கேக்குறது.”

“இருநூத்தி இருபத்தாறு?”

“அது உயர் நீதிமன்றத்துல கேக்குறது.”

“ரெண்டும் கோர்ட்டுக்குப் போறதுதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு நம்பர்?”

சீட்டில் அந்தக் கேள்வி இல்லை. எனக்கு விடையும் தெரியவில்லை. எழுந்து போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். நீதிப்பேராணை என்பது உரிமையைக் காக்க நீதிமன்றம் போடும் உத்தரவு. அரசியலமைப்பின் 32-ன்படி அடிப்படை உரிமை பறிபோனால் மட்டும்தான் போகலாம். 226-ன்படி அடிப்படை உரிமைக்கும் போகலாம், மற்றச் சட்ட உரிமைகளுக்கும் போகலாம். அந்த வகையில் உயர் நீதிமன்றத்தின் எல்லைதான் பெரிது. அந்த இரண்டு எண்களும் அதன் பிறகு எனக்குக் குழம்பியதே இல்லை. அன்றிலிருந்து ‘என்ன’ என்று எழுதிய சீட்டுக்குக் கீழே முடிந்தவரை ‘ஏன்’ என்றும் ஒன்று எழுதினேன்.

கணக்குக்குச் சீட்டு உதவாது. அங்கே நான் செய்த தப்பு வேறு. தனிவட்டி அத்தியாயத்தில் நாற்பது கணக்கு, பிறகு கூட்டு வட்டியில் நாற்பது என்று வரிசையாகப் போட்டேன். அத்தியாயத்தின் தலைப்பே எந்தச் சூத்திரம் என்று சொல்லிவிடுகிறதே, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? தேர்வில் தலைப்பு வராது. ‘10,000 ரூபாய்க்கு 10 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்குத் தனிவட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் வித்தியாசம் என்ன’ என்று கேட்பான். முதல் ஆண்டு வட்டியான ஆயிரத்துக்கு இரண்டாம் ஆண்டில் வரும் வட்டி, 100 ரூபாய், அதுதான் வித்தியாசம். இதைப் பிடிக்க, வட்டி, விகிதம், மீச்சிறு பொது மடங்கு, வேலையும் நேரமும் எல்லாவற்றையும் கலந்து போட்டுப் பழக வேண்டும். ஆரம்பத்தில் நிறையத் தப்பும். தப்பட்டும்.

மனப்பாடம் என்றாலே முகம் சுளிப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. எட்டுத்தொகை நூல்களின் பெயர்களை ஒரே வெண்பாவில் அடக்கி வைத்த ஊர் இது. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்கும் அந்தாதியில், முடிந்த இடமே அடுத்ததை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டை வாயால் சொல்லிக் காட்டினார்கள். ஆளுக்கொரு அச்சுப் புத்தகமும் ஹைலைட்டரும் இல்லாததே அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன். வரிசையாக நினைவில் வைக்க வேண்டியதற்கு இன்றும் நான் ஏதாவது ஒரு கிறுக்குப் பாட்டுக் கட்டிவிடுவேன். வெளியே சொல்லும்படி இருக்காது.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்காதீர்கள். நான் குறைத்துப் பார்த்தேன். மறுநாள் ஜெராக்ஸ் கடையில் ஒருவருடைய சாதிச் சான்றிதழை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு ஆளை அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது தடவை 200 கேள்வியில் 170-க்கு மேல் சரியாக வந்தது, வேலை கிடைத்தது. இப்போது குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். அது விரித்து எழுதும் தேர்வு, செருப்புப் பெட்டிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஒரு தலைப்பை எடுத்து, புத்தகத்தை மூடி, இருபது நிமிடத்தில் என்ன வருகிறதோ எழுதுகிறேன். நேற்று நிலச் சீர்திருத்தம். முக்கால் பக்கத்தில் நின்றுவிட்டது. நாளைக்கு அதையே மறுபடியும் எழுத வேண்டும்.