நல்லது கெட்டதற்கு யார் வருவார்கள்?

சாமி கும்பிடுவதை விட்டுவிட்டால் நல்லது கெட்டதற்கு யார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். கடவுள் இல்லை என்று வாதாடி ஜெயிப்பதைவிட இதற்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

வாழ்ந்தே பதில் சொன்னவர்கள், இன்று விஜயவாடாவில் இருக்கும் நாத்திக மையத்தார். கோராவும் மனைவி சரஸ்வதியும் 1940இல் ஆந்திராவின் முதுனூர் கிராமத்தில் அதைத் தொடங்கினார்கள். கோரா தாவரவியல் ஆசிரியர். நாத்திகம் பேசியதால் கல்லூரி வேலையை இழந்தவர். பிராமணக் குடும்பத்தில் பிறந்த இருவரும் எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் விருந்துகளை நடத்தினார்கள். மூத்த மகள் மனோரமாவுக்கும் தலித் இளைஞர் அர்ஜுன் ராவுக்கும் திருமணம் பேசியபோது, தன் சேவாகிராம ஆசிரமத்தில் நடத்தி வைக்கக் காந்தி சம்மதித்தார். உறுதிமொழியில் கடவுளுக்குப் பதில் உண்மையைச் சொல்லலாம் என்றும் ஒப்புக்கொண்டார். அதற்குள் காந்தியைக் கொன்றுவிட்டார்கள். 1948 மார்ச்சில் அதே ஆசிரமத்தில் திருமணம் நடந்தது.

நம்மிடம் சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. 1950களில் நீதிமன்றம் செல்லாது என்றதை, 1967இல் அண்ணா ஆட்சி சட்டம் இயற்றிச் செல்லுபடியாக்கியது.

கெட்டதற்கு வருவோம். என் அப்பா இறந்தபோது இயக்கத் தோழர்கள் விடியும் முன்பே வந்துவிட்டார்கள். ஒருவர் கண் வங்கிக்குப் போன் செய்தார். இன்னொருவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூடிய இமைகளின் மேல் நனைத்த பஞ்சை வைத்தார். விழி காய்ந்துவிடக் கூடாதாம். அம்மாவின் பொட்டை அழிக்க யாரும் வரவில்லை. படத்திறப்பு அன்று ஒலிபெருக்கி முன் நின்று முதலில் பேசியவரே அம்மாதான். எந்தச் சடங்கு அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கும்?

ஆனால் திருமணத்துக்கும் சாவுக்கும் நடுவில் நம்மிடம் பெரிய இடைவெளி இருக்கிறது. நார்வேயில் 1951 முதல், பதினைந்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு மதம் சாராத வகுப்புகள் நடக்கின்றன. அறம், மனித உரிமை, சொந்தமாகச் சிந்திப்பது எல்லாவற்றையும் பேசிப் பழகுகிறார்கள். முடிவில் ஊரார் முன்னிலையில் விழா நடக்கிறது. தாத்தா பாட்டி எல்லோரும் வருகிறார்கள். நம் பக்கம் கோடைக்காலத்தில் பிள்ளைகளுக்கான ‘பழகு முகாம்கள்’ நடக்கின்றன, போதாது. ஏதாவது ஓர் அமைப்பில் சேரப் போனால், அங்கே பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் நீங்களே தொடங்குங்கள். நாலு குடும்பம் சேர்ந்தாலே போதும்.