கைத்தறித் துணியில் 60ஆம் நம்பர், 2/80 என்கிறார்களே, நம்பர் கூடினால் தரமும் கூடுமா? நூலில் எத்தனை வகை உண்டு?

குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் குடும்பத்தில் பிறந்து, இப்போது புதுச்சேரியில் துணி வியாபாரம் செய்பவன் நான். கடைக்காரர் 60ஆம் நம்பர் ஒற்றை நூல் துணி ஒன்றையும் 2/80 துணி ஒன்றையும் காட்டியதாகவும், இரண்டில் எது உயர்ந்தது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம்பர் என்பது நூல் எவ்வளவு சன்னமானது என்பதை மட்டுமே சொல்லும். அது எவ்வளவு நல்ல நூல் என்பதைப் பஞ்சின் இழை நீளமும், நூலுக்கு ஏற்றிய முறுக்குமே தீர்மானிக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். பருத்தி நூலில் 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் இத்தகைய சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே அந்த நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டு வாங்கினால் 33,600 கஜமும், 60ஆம் நம்பர் வாங்கினால் 50,400 கஜமும் இருக்கும். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. 2/80 என்பது 80ஆம் நம்பர் இழைகள் இரண்டைச் சேர்த்து முறுக்கிய இரட்டை நூல். அதன் மொத்தத் தடிமன் 40ஆம் நம்பருக்குச் சமம். எனவே நீங்கள் பார்த்த இரண்டில், எண் பெரிதாகத் தெரிந்த 2/80தான் உண்மையில் தடித்த நூல். பாலியெஸ்டருக்கும் பட்டுக்கும் வழங்கும் டெனியர் கணக்கு இதற்கு நேர்மாறானது: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை உள்ளது என்பதே டெனியர் என்பதால், அங்கே எண் கூடினால் நூல் தடிக்கும்.

சன்னமான நூலுக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியின் இழை குட்டையானது. அதில் உறுதியான தடித்த நூல் வரும், 80ஆம் நம்பர் வராது. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட சுவின் பருத்தியோ 100ஆம் நம்பருக்கும் மேலே நூற்கத்தக்க நீண்ட இழை கொண்டது. ஆலையில் கார்டிங், அதாவது பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலை, மட்டும் செய்த பஞ்சில் குட்டை இழைகள் தங்கிவிடும். கோம்பிங் என்னும் சீவும் வேலையையும் செய்தால் அவை கழிந்து, நூல் வழவழப்பாகவும் சீராகவும் அமையும். கழிவு போவதால் கோம்பிங் நூலின் விலை கூடுகிறது, அந்த விலை நியாயமானதே.

இனி முறுக்கு. யாரும் கேட்காத விஷயம் இது. எனக்கு நூலின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளமே உள்ள பஞ்சிழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, கிலோமீட்டர் கணக்கில் அறுபடாமல் ஓடுவதற்கு முறுக்கைத் தவிர வேறு காரணம் கிடையாது. கடலோரத்தில் தென்னை நாரைத் திரித்துக் கயிறாக்குவதும் இதே தத்துவம்தான். முறுக்கு குறைந்தால் நூல் பூவாக இருக்கும், ஆனால் இழுத்தால் பிரிந்துவிடும்; ஓர் அளவைத் தாண்டினால் சுருண்டு முடிச்சு விழுவதுடன், வலிமையும் திரும்பக் குறையத் தொடங்கும். தறியில் நீளவாக்கில் இழுபடும் பாவு நூலுக்கு, 40ஆம் நம்பரில், அங்குலத்துக்கு 25 முதல் 28 முறுக்கு வரை தேவைப்படும். குறுக்காக ஓடும் ஊடை நூலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. பின்னலாடை நூலுக்கு இன்னும் குறைவாகவே ஏற்றுவார்கள், பனியன் மென்மையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். துவைத்த பின் டி-ஷர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக் கோணிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை நூலில் அடங்காமல் நின்ற முறுக்கு, தண்ணீர் பட்டதும் விடுபட முயல்வதே அதற்குப் பெரும்பாலும் காரணம்.

இரட்டை நூலின் மதிப்பு இங்கேதான் விளங்கும். தனித்தனி இழைகளை ஒரு திசையில் முறுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவதால் இரண்டு விசைகளும் ஒன்றையொன்று தணித்து, நூல் அடங்கி நிற்கிறது. ஓர் இழையில் மெலிந்த இடத்தை மற்றோர் இழை தாங்கிக்கொள்கிறது. ஒற்றை நூல் பாவுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்ற முடியாது. தெருவில் பாவை நீட்டி, இழைகள் ஒட்டாதபடி கஞ்சியைச் சீராகத் தடவி, வெயில் ஏறுவதற்குள் முடிக்கும் அந்த உழைப்பைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அதை இலேசாகப் பேசுபவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை. இரட்டை நூலுக்குப் பெரும்பாலும் அவ்வளவு கஞ்சி தேவைப்படாது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுழலும் கதிரில் முறுக்கேற்றும் ரிங் முறையில் நூற்றது பொதுவாக வலிமையானது. கதிர் இல்லாமல், சுழலும் கிண்ணத்தில் நூற்கும் ஓப்பன் எண்ட் நூல் விரைவாகவும் மலிவாகவும் கிடைக்கும், துண்டுக்கும் ஜீன்ஸுக்கும் ஏற்றது, கைலிக்கு நான் வாங்க மாட்டேன். பட்டு, ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் அறுபடாமல் வரும் தொடர் இழை. பாலியெஸ்டர் தொடர் இழையாகவும் வரும், பஞ்சு போல் வெட்டி நூற்ற நூலாகவும் வரும். கைத்தறிக்கு நூல் சிட்டமாக வருகிறது, விசைத்தறிக்குக் கோனில் வருகிறது.

ஆகவே, உடம்பில் காற்றோட்டமாக இருக்க வேண்டுமானால் 60 ஒற்றை நூலையும், பல ஆண்டு உழைக்க வேண்டுமானால் 2/80ஐயும் எடுங்கள். வாங்கிய துணியின் வெட்டு விளிம்பிலிருந்து ஓர் இழையை உருவி, முறுக்குக்கு எதிராகத் திருப்பிப் பாருங்கள்: இரண்டாகப் பிரிந்தால் இரட்டை நூல், பஞ்சாக உதிர்ந்தால் ஒற்றை நூல். கொளுத்தினால் பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகும், பட்டு தலைமுடி கருகுவது போல் நாறும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் மட்டும் பருத்தியைப் போலவே எரிந்து ஏமாற்றும். அதற்கு நெருப்பை விட்டுவிட்டு, இழையின் நடுவில் தண்ணீர் தொட்டு இழுத்துப் பாருங்கள். நனைந்த இடத்தில் விஸ்கோஸ் சட்டென்று அறும், பருத்தியோ நனைந்தால் இன்னும் உறுதியாகும்.