மகளுக்கு எலும்புப் புற்றுநோய்: கீமோவை நிறுத்திவிட்டு மூலிகை கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. தொடை எலும்பில் யூயிங் சர்கோமா. வேறெங்கும் பரவவில்லை என்றார்கள். நான்கு சுற்று கீமோதெரபி முடிந்திருக்கிறது. வாந்தி, வாய்ப்புண், மலச்சிக்கல் என்று பிள்ளை துவண்டுபோய்விட்டாள். மஞ்சளில் உள்ள கர்குமின் எலும்புப் புற்றுநோய் செல்களைக் கொல்வதாகப் படித்து, மிளகுச் சத்து சேர்த்த கர்குமின் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். கீமோவை நிறுத்திவிட்டு நித்தியகல்யாணி இலைக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார் உறவினர் ஒருவர். அவளுடைய டாக்டரிடம் இதைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: கீமோதெரபியை நிறுத்தாதீர்கள். மாத்திரை டப்பாவை இப்போதைக்குத் திறக்கவும் வேண்டாம். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் உறவினர் சொல்லும் செடி, அநேகமாக ஏற்கெனவே மருந்தாக உங்கள் மகளின் ரத்தக்குழாய் வழியாக ஏறிக்கொண்டிருக்கிறது. யூயிங் சர்கோமாவுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகள் ஐந்து: வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு, ஐஃபாஸ்ஃபமைடு, எடோபோசைடு. இவற்றில் வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. எடோபோசைடு, போடோபில்லம் என்ற செடியின் வேரில் உள்ள நச்சுப்பொருளை மாற்றியமைத்துச் செய்தது. அவளுடைய சிகிச்சைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள், இந்தப் பெயர்கள் இருக்கும்.

நித்தியகல்யாணியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன், உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. நீரிழிவுக்கு நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட செடி அது. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. கிருமிகளை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் சரிந்து, எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. வெள்ளணுக்களை இப்படிக் குறைக்கும் பொருள் ரத்தப் புற்றுநோயையும் அடக்கக்கூடும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. அந்தச் சாற்றிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தும், பின்னர் அமெரிக்காவில் வின்கிரிஸ்டினும் பிரிக்கப்பட்டன. 1963இல் வின்கிரிஸ்டின் மருந்தாக அங்கீகாரம் பெற்றது.

அந்த எலிகளுக்கு நேர்ந்ததை மறந்துவிடாதீர்கள். இலையில் ஆல்கலாய்டுகள் எனப்படும் வீரியமான தாவர வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. வின்கிரிஸ்டினின் அளவோ மிக மிகச் சொற்பம். ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள் உருவாகும் நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுப்பது வின்கிரிஸ்டினின் வேலை. நரம்புகளுக்கும் அதே நுண்குழல்கள் தேவை என்பதால், அளவு கொஞ்சம் கூடினாலும் நரம்பு கெடும். அதனால்தான் உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு, பொதுவாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுக்கிறோம். ஒரு சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்குகூட வராத அளவு அது. கஷாயத்தில் இந்தக் கணக்குக்கு வழியே இல்லை. நோயைக் கட்டுப்படுத்தப் போதாமலும் போகலாம், வெள்ளணு ஏற்கெனவே குறைந்திருக்கும் குழந்தைக்கு நஞ்சாகவும் ஆகலாம்.

கர்குமினுக்கு வருவோம். நீங்கள் படித்தது பொய்யல்ல. கண்ணாடித் தட்டில் வளர்த்த எலும்புப் புற்றுநோய் செல்கள் கர்குமினால் சாகின்றன. ரெஸ்வெரட்ரால், குவர்செட்டின் என்று இன்னும் பல தாவரப் பொருள்களுக்கும் இப்படிப்பட்ட ஆய்வுகள் உண்டு. ஆனால், தட்டில் செல்லின் மேல் நேராக ஊற்றும் செறிவு வேறு, விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் எட்டும் செறிவு வேறு. கர்குமினைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதையும் குடலும் கல்லீரலும் விரைவில் உருமாற்றிவிடுகின்றன. நாளுக்கு 8 கிராம் வரை விழுங்கியவர்களின் ரத்தத்தில்கூட மிகக் குறைவாகவே அது தென்பட்டது. எலும்புப் புற்றுநோயை அது குணப்படுத்தும் என்று நோயாளிகளிடம் எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை.

கர்குமின் சரியாக உறிஞ்சப்படாததைச் சரிக்கட்டத்தான் மிளகுச் சத்தைச் சேர்க்கிறார்கள். உங்கள் மகளைப் பொறுத்தவரை எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். மிளகிலுள்ள பைப்பரின், பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் சில நொதிகளை மந்தப்படுத்துகிறது. வின்கிரிஸ்டினைச் சிதைக்கும் நொதியும் அவற்றில் ஒன்று. அது மந்தமானால் வின்கிரிஸ்டின் உடலில் கூடுதல் நேரம் தங்கக்கூடும். அவளுக்கு இப்போதே மலச்சிக்கல் இருக்கிறது. அது வின்கிரிஸ்டின் குடல் நரம்புகளைத் தொட்டதன் அடையாளமாக இருக்கலாம். எலிகளில் நடந்த மார்பகப் புற்றுநோய் ஆய்வு ஒன்றில், உணவோடு சேர்த்த கர்குமின் சைக்ளோபாஸ்பமைடின் பலனைக் குறைத்தது. கர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. உணவில் சேரும் மஞ்சளைக் குறித்து அஞ்ச வேண்டாம். செறிவூட்டிய மாத்திரைதான் சிக்கல்.

தாவர ஆராய்ச்சியையே ஒதுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சீன மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளை 1966இல் பிரித்தார்கள். நோயாளிகளுக்கு அப்படியே கொடுத்துப் பார்த்தபோது நச்சுத்தன்மை தாங்க முடியாமல் 1970களில் நிறுத்தினார்கள். வேதியியலாளர்கள் அதை மாற்றியமைத்து உருவாக்கிய ஐரினோடெகனும் டோபோடெகனும் 1996இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. இன்று யூயிங் சர்கோமா திரும்ப வந்தால் நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் அவையும் உண்டு. முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த உழைப்பைக் கடக்காத பொருளை உங்கள் மகள்மேல் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கீமோதெரபி வருவதற்கு முன்பு, கட்டியை அகற்றினாலும் கதிர்வீச்சு கொடுத்தாலும் இந்த நோயில் பத்தில் ஒருவர்தான் நெடுநாள் பிழைத்தார். இன்று, பரவாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். உங்கள் மகளுக்கும் நோய் பரவாத நிலையில்தான் கண்டறியப்பட்டிருக்கிறது. பாதியில் நிறுத்தினால், எஞ்சிய செல்கள் மீண்டும் வளரும், பெரும்பாலும் நுரையீரலில்.

அவள் படும் அவதியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வாந்திக்கு மருந்தை மாற்றலாம், கூட்டலாம். மலச்சிக்கலுக்கு மலமிளக்கியைத் தினமும் தரலாம். வாய்ப்புண்ணுக்கு வலி மருந்தும் வாய் கொப்பளிக்கும் திரவமும் உண்டு. தாடை வலி, விரல்களில் மரத்துப்போதல், நடக்கும்போது பாதம் தொய்வது ஆகியவை தெரிந்தால் அடுத்த சுற்றுக்கு முன்பே சொல்லுங்கள். தேவைப்பட்டால் வின்கிரிஸ்டின் அளவைக் குறைப்பார்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை போகும்போது அந்த டப்பாவைப் பையில் எடுத்துச் சென்று அவளுடைய டாக்டரின் மேசையில் வையுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார். ஏற்கெனவே ஓரிரு மாத்திரை கொடுத்திருந்தால் அதையும், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அடுத்த ஊசிக்கு முன் கல்லீரல் பரிசோதனையைப் பார்ப்பதற்கு அவருக்கு அந்தத் தேதி தேவைப்படும்.