கொழும்பு வெக்கையில் தங்கமீன் தாங்குமா? தொட்டியா, முற்றத்துக் குளமா?

நீங்கள் கேட்டது இது: தெஹிவளைத் தொடர்மாடியில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி ஆறு தங்கமீன் விட்டீர்கள், இரண்டு கிழமைக்குள் நான்கு செத்துவிட்டன. கடைக்காரர் "கொழும்பு வெக்கைக்கு இது சரிவராது" என்கிறார். மிஞ்சிய இரண்டையும் அம்மா வீட்டு முற்றத்தில் குளம் கட்டி விடலாமா என்று யோசிக்கிறீர்கள்.

சரிவரும். வெள்ளவத்தையில் என் வீட்டுத் தொட்டியிலும் ராஜகிரியவில் மாமா வீட்டுக் குளத்திலும் பல வருடங்களாகத் தங்கமீன்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் வெக்கையைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. கெண்டை இனத்து மீன் இது. சீனாவில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக வளர்த்து வந்தது. 20 பாகை அளவில் இருக்கும் தண்ணீர்தான் அதற்குச் சுகம். கொழும்பில் ஒரு தொட்டித் தண்ணீர் இரவு பகலாக 27, 28 பாகையில் நிற்கும், ஏப்ரலில் 30ஐயும் தொடும். சூடு கூடக்கூடத் தண்ணீரில் கரையும் ஒட்சிசன் குறையும்: 20 பாகையில் ஒரு லீற்றரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 28 பாகையில் 8க்கும் குறைவு. அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக ஓடுகிறது. கூட மூச்சு வேண்டும், கூடப் பசிக்கும், கூடக் கழிவு போகும். வரவு குறைந்து செலவு கூடுகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளை நாங்கள் அப்படியே பின்பற்ற முடியாததற்குக் காரணம் இதுதான். இங்கே மீனைக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் கூட்ட வேண்டும், தண்ணீரின் மேற்பரப்பு எந்நேரமும் அசைய வேண்டும், சாப்பாட்டில் கையை இறுக்க வேண்டும்.

முதலில் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்பு வரை நிரப்பினாலே 56 லீற்றர்தான். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45, 50 தேறும். கடையில் பெருவிரல் அளவில் இருக்கும் ஒரான்டா, ரியூகின் போன்ற உருண்டை உடம்புத் தங்கமீன்கள் ஒழுங்காக வளர்ந்தால் 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரும். வால் நீண்ட கொமட் வகை ஓரடியையே எட்டும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி சுமார் 190 லீற்றர் பிடிக்கும். அதில் உருண்டை உடம்புக்காரர் மூன்று பேர் நிம்மதியாக இருக்கலாம், நாலாவதோடு நிறுத்திவிட வேண்டும். உயரமான தொட்டியை விட அகலமான தொட்டியை எடுங்கள், காற்று தண்ணீருக்குள் போவது மேற்பரப்பு வழியாகத்தான். அப்புறம், 190 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டுமே 190 கிலோ. டீவி மேசையில் வைக்காமல் இரும்பு ஸ்டாண்ட் அடித்து, சுவரோரமாக, வெயில் விழாத பக்கத்தில் வையுங்கள். ஹீட்டர் எதற்கும் தேவையில்லை. ஏப்ரல் வெயிலில் மூடியைத் திறந்து ஒரு சின்ன பேனைத் தண்ணீரின் மேல் திருப்பிவிட்டால் ஓரிரு பாகை இறங்கும்.

உங்கள் நான்கு மீனையும் கொன்றது வெக்கை இல்லை, அமோனியா. இரண்டு கிழமைக்குள் செத்தன என்று வாசித்ததுமே அதுதான் நினைவுக்கு வந்தது. மீன் தன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக விடுகிறது. வடிகட்டியின் ஸ்பொன்ஜில் குடியேறும் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவதை ஓரளவுக்குத் தாங்கும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியா கிடையாது. அது நிலைபெற ஒரு மாதம் அளவில் எடுக்கும், எங்கள் சூட்டில் கொஞ்சம் சுருங்கலாம். அதற்குள் ஆறு மீன் விட்டால் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும்போதே மீன் சாகும். அமோனியா கண்ணுக்குத் தெரியாது. வாலில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடுவதையும், முதுகுத் துடுப்பை மடக்கிக்கொண்டு மீன் தரையில் குந்தியிருப்பதையும்தான் நாங்கள் பார்க்க முடியும்.

இதற்கு மிகச் சுலபமான வழி, நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஓடிக்கொண்டிருந்த ஸ்பொன்ஜ் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் வடிகட்டியில் வைப்பது. அமோனியா பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றும் வாங்குங்கள், மீன் மருந்துகளுக்குக் கொட்டும் காசை விட அது பிரயோசனம். அமோனியா தெரியும் நாளெல்லாம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நிலைபெற்ற பிறகு கிழமைக்கு ஒரு தடவை அதே அளவு போதும். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கவிழ்த்து, கல்லையெல்லாம் பைப்படியில் தேய்த்துக் கழுவும் பழக்கத்தை வீட்டில் யாருக்கும் விடாதீர்கள். பைப் தண்ணீரின் குளோரின் அந்தப் பற்றீரியாவைக் கொன்றுவிடும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்பொன்ஜைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு வாளிக்குள் பிழியுங்கள். மண்ணிறமாக வரும் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றலாம், மரம் தளதளவென்று வரும்.

கொழும்புக்கு வரும் தண்ணீர் அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் சுத்திகரித்துக் குளோரின் சேர்த்து வருகிறது. தொடர்மாடியின் மேல்தாங்கியில் நின்று வரும்போது குளோரின் குறைந்திருக்கலாம், ஆனாலும் நம்ப முடியாது. ஒரு நாள் வாளியில் வைத்து எயார் ஸ்டோன் (எயார் பம்பின் காற்றைக் குமிழாக விடும் கல்) ஓடவிட்டால் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கி சில சொட்டுப் போதும். எங்கள் தண்ணீர் மென்மையானது, அமிலத்தைத் தாங்கும் சுண்ணாம்புச் சத்து அதில் குறைவு. மாதக் கணக்கில் ஓடும் தொட்டியில் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு; குறைந்தால் அமிலம் கூடுகிறது) மெல்ல மெல்ல இறங்கும். கழுவிய சிப்பி ஓடு ஒரு பிடியைச் சின்ன வலைப்பையில் கட்டி வடிகட்டிக்குள் போட்டுவிட்டால் அது ஈடுகட்டும்.

கொழும்பில் மீன் வளர்ப்பவர்களுக்கு வேறு ஊர்க்காரர் சொல்லித்தராத ஒரு விஷயம் டெங்கு. தண்ணீரை வாளியில் வைக்கச் சொன்னேன், ஆனால் திறந்த வாளி நுளம்புக்கு அழைப்பு. மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள், பாவிக்காத வாளியைக் கவிழ்த்து வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து குடம்பியைக் கண்டால் வழக்கு வரை போகும், அது நியாயமும்கூட. மீன் உள்ள குளம் பயமில்லை, தங்கமீன் குடம்பியை ஒன்று விடாமல் பொறுக்கித் தின்னும். மீனுக்கு ஆபத்து நுளம்புப் புகையில்தான் இருக்கிறது. புகையடிக்கவும் வீட்டு ஸ்ப்ரேயிலும் சுருளிலும் பெரும்பாலும் பாவிப்பது பைரித்ரொயிட் வகை நஞ்சு. மனிதனை அதிகம் பாதிக்காத அளவே மீனைக் கொல்லும். எயார் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் தள்ளும் இயந்திரம் என்பதை மறக்க வேண்டாம். அதன் பக்கத்தில் நுளம்புச் சுருள் கொளுத்தி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மனம் பதறும். புகைக்காரர் தெருவுக்கு வரும் சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்தி, தொட்டியை ஈரத் துணியால் மூடி, பம்பை நிறுத்துங்கள். புகை கலைந்ததும் உடனே போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகும். அதனால் அதற்குப் போதும் என்றே தோன்றாது. நீங்கள் அறைக்குள் வந்தாலே கண்ணாடியில் முட்டிக்கொண்டு கேட்கும். இரங்கிவிடாதீர்கள். நாளுக்கு இரண்டு தடவை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு, கிழமையில் ஒரு நாள் பட்டினி. உருண்டை மீன்களுக்கு அமிழும் பெலட் நல்லது. இடைக்கிடை தோலுரித்த அவித்த பட்டாணி, கொதிநீரில் வாட்டிய கங்குன் இலை கொடுங்கள். பாணும் சோறும் வேண்டாம்.

இனி அம்மா வீட்டுக் குளம். இடம் இருந்தால் கட்டாயம் கட்டுங்கள், தண்ணீர் கூடினால் பிழைகளும் தாமதமாகத்தான் சுடும். ஆனால் கட்டிய கிழமையே மீன் விடக்கூடாது. புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச் 9க்கு மேல் ஏறும். இந்த இடத்தில் அமோனியாவும் வந்து சேர்கிறது. 28 பாகைத் தண்ணீரில் பிஎச் 7 என்றால் இருக்கும் அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பிஎச் 8இல் அது 6 பங்குக்கு மேல், 9இல் 40 பங்கு. தொட்டியில் ஒன்றும் செய்யாத அதே அளவு அமோனியா புதுக் குளத்தில் மீனைக் கொல்வது இப்படித்தான். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடுவது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். அதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்து, மறுபடி நிரப்பி என்று சில கிழமை போகட்டும். பிஎச் 8க்குக் கீழே நின்றால் மட்டும் மீனை விடுங்கள்.

ஆழம் இரண்டரை, மூன்றடி. பாதிக் குளத்துக்கு நிழல் வேண்டும், நீலோற்பலமோ அல்லியோ வைத்தால் அழகும் நிழலும் ஒன்றாகக் கிடைக்கும். ஊதாப்பூப் பூக்கும் ஆகாயத்தாமரையை யார் தந்தாலும் வாங்காதீர்கள். அதைத் தடுக்க இலங்கையில் 1909இலேயே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். குளத்து விளிம்பு முற்றத்தை விட அரையடியாவது உயர்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் ஒக்ரோபர், நவம்பர் மழைக்கு முற்றத்து அழுக்குத் தண்ணீர் உள்ளே வரும், மீன் வெளியே போகும். வழிந்தோடும் குழாய்க்கு வலை போடுங்கள்.

அப்புறம் விருந்தாளிகள். காகம், கொக்கு, மீன்கொத்தி பகலில் வரும். கால்வாய் பக்கத்தில் வீடென்றால் கபரகொய்யாவும் வரும். கொழும்பு 2018இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர், இங்குள்ள ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனைகள் வாழ்கின்றன. அவை இரவில் வீட்டுக் குளங்களுக்கு வந்து வளர்ப்பு மீனைப் பிடித்துப் போவது தெரிந்த விஷயம். அருகிவரும் அந்தப் பிராணிக்குப் பொறியோ நஞ்சோ வைக்கவே கூடாது. குளத்தின் மேல் இரும்புச் சட்டத்தில் கம்பிவலை போட்டு இரவில் மூடினால் போதும். மாமா வீட்டில் அதைத்தான் செய்திருக்கிறோம்.

குளத்துக்கு கொமட், ஷுபுங்கின், சாதாரண நீட்டு உடம்புத் தங்கமீன் பொருந்தும். பிளாக் மூர், பபிள் ஐ போன்றவை பார்வை குறைந்தவை, நீந்துவதும் மெதுவாகத்தான். அவை வீட்டுக்குள் இருக்கட்டும். தண்ணீர் பச்சையானால் பயப்பட வேண்டாம், மீனின் நிறம் அதில் இன்னும் சிவக்கும். ஆனால் அந்தப் பாசி இரவில் ஒட்சிசனை எடுக்கும், விடியப்புறம்தான் மிகக் குறைவாக இருக்கும். காலையில் முதல் வேலையாகப் போய்ப் பாருங்கள். எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றால் சாப்பாடு கேட்கவில்லை, மூச்சுக்குத் தவிக்கிறது. உடனே பம்பைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்.

மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் ஒரேயடியாகப் போனது. பற்றரியில் ஓடும் சின்ன எயார் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அது இல்லாத நேரத்தில் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள், சில நிமிடத்துக்கு ஒருதரம். கரண்ட் வரும்வரை சாப்பாடு போடவே வேண்டாம்.

நோய்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதில் தேவையில்லாமல் மருந்து ஊற்றுகிறார்கள். செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும், வரிசையாக, ரவை போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது நோயில்லை. ஆண் மீன் பருவத்துக்கு வந்திருக்கிறது. புள்ளி வாலிலும் உடம்பிலும் கண்டபடி தெறித்திருந்து, மீன் கல்லில் உரசினால்தான் வெண்புள்ளி நோய். லீற்றருக்கு 3 கிராம் வீதம் கல் உப்பை இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து விட்டு, இரண்டு கிழமை வைத்திருங்கள். செடி இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும்.

மிஞ்சிய இரண்டு மீனையும் இப்போதே குளத்துக்கு மாற்றாதீர்கள். அமோனியாவில் அடிபட்ட செவுள் ஆற ஒரு மாதமாவது அதே தொட்டியில், பழைய ஸ்பொன்ஜோடு, குறைந்த சாப்பாட்டில் இருக்கட்டும். இடையில் புது மீன் எதுவும் சேர்க்க வேண்டாம். வளர்க்க மனமில்லாமல் போனாலும் வெள்ளவத்தைக் கால்வாயிலோ தியவன்னாவிலோ விடாதீர்கள். தொட்டியிலிருந்து தப்பிய கத்தி மீனும் டாங்க் கிளீனரும் எங்கள் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டன, இன்னொன்று வேண்டாம். கடைக்கோ குளம் உள்ள ஒருவருக்கோ கொடுங்கள். பெரிய தொட்டியோ குளமோ தயாரானதும் இரண்டடித் தொட்டியை விற்றுவிட வேண்டாம், இனி வாங்கும் ஒவ்வொரு மீனையும் மூன்று கிழமை தனியே வைத்துப் பார்க்க அது அளவான தொட்டி.