பாட்டு முடிந்ததை பிளேயரே சொல்லும்

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஞாயிறுதோறும் சமய வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் வீட்டில் தேவாரம் கேட்டுப் பழக ஒரு செயலி செய்து வாங்கினேன். ஒரு பதிகம் முழுவதும் ஓடி முடிந்தால் நட்சத்திரம் விழும், அடுத்தது தானாகத் தொடங்கும். ஆனால் சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பாட்டு பாதியில் நிற்கும்போதே நட்சத்திரம் விழுந்துவிடுகிறது. செய்து கொடுத்தவர், பாட்டு முடிவதைக் கண்காணிக்கத் தனி மென்பொருள் வேண்டும், மாதம் 150 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் டீச்சர். ஒரு காசுகூட வேண்டாம்.

பாட்டு முடிந்த நொடியைச் சொல்லும் வசதி கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. பாட்டை ஓட்டும் மென்பொருள் பகுதிக்குத்தான் பிளேயர் என்று பெயர். பாட்டு முடிந்ததை ஆண்ட்ராய்டின் பழைய பிளேயரான மீடியாபிளேயர் ‘ஆன் கம்ப்ளீஷன்’ என்கிறது. கூகுளின் எக்ஸோபிளேயர் ‘ஸ்டேட் எண்டட்’ என்கிறது. ஐபோனில் ‘டிட் ஃபினிஷ் பிளேயிங்’. மூன்றும் இலவசம். ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழப்புகிறார்கள். அந்தக் குழப்பத்தை விற்றுத்தான் சிலர் மாத வாடகை கேட்கிறார்கள்.

உங்கள் செயலியில் கோளாறு இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, செய்தவர் பிளேயரைக் கேட்காமல் நொடியை எண்ணியிருப்பார். பதிகம் 4 நிமிடம் 10 நொடி என்றால் 250 வரை எண்ணிவிட்டு நட்சத்திரம் கொடுப்பது. நடுவில் அப்பாவிடமிருந்து வாட்ஸாப் அழைப்பு வந்து பாட்டு நின்றாலும் எண்ணிக்கை நிற்காது. சில எம்பி3 கோப்புகளில் கைப்பேசி காட்டும் நீளமே துல்லியமாக இருக்காது. நொடி எண்ணும் வேலையை அடியோடு எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவதுதான் எனக்கு அதிகச் சந்தேகம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மீடியாபிளேயரில் பாட்டு பழுதாகி நின்றால், இணையம் அறுந்தாலோ கோப்பு கெட்டிருந்தாலோ, அதைச் சொல்ல ‘ஆன் எரர்’ என்று தனி வழி உண்டு. செயலி செய்தவர் அந்த வழியைத் திறந்து வைக்காவிட்டால், அல்லது திறந்து வைத்தும் ‘நான் பார்த்துக்கொண்டேன்’ என்று அதற்குப் பதில் தராவிட்டால், ஆண்ட்ராய்டு அந்தப் பழுதையும் ‘ஆன் கம்ப்ளீஷன்’ வழியாகவே அனுப்பிவிடும். அதாவது அறுந்ததையும் முடிந்தது என்றே சொல்லும். பரீட்சை எழுதி முடித்துத் தாளைக் கொடுத்த பிள்ளையையும், பாதியில் மயங்கி விழுந்த பிள்ளையையும் ஒரே பட்டியலில் ‘முடித்தவர்’ என்று எழுதினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? கூகுளின் கையேட்டிலேயே இந்த நடைமுறை எழுதப்பட்டிருக்கிறது. எழுதி வைத்துவிட்டால் போதுமா? அதைப் படிக்காமல் செயலி செய்கிறவர்களால் கஷ்டப்படுவது உங்களைப் போன்றவர்கள்தானே. ஐபோன் இந்த விஷயத்தில் மேல். முடிந்ததாகச் சொல்லும்போதே சரியாக முடிந்ததா, ஒலியைப் படிக்க முடியாமல் நின்றதா என்றும் சேர்த்துச் சொல்லிவிடும். அழைப்பு வந்து நின்றால் முடிந்ததாகச் சொல்லவே சொல்லாது.

இன்று இரவே நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கோளாறு வரும் கைப்பேசி ஒன்றில், இருப்பதிலேயே நீளமான பதிகத்தைப் போடுங்கள். 20 நொடி ஓடியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். உடனே நிற்காது, முன்கூட்டியே இறங்கிய பகுதி கொஞ்ச நேரம் பாடும். அது தீர்ந்து பாட்டு நின்றதும் நட்சத்திரம் விழுந்தால், நான் சொன்ன இரண்டாவது கோளாறுதான். நின்ற உடனே விழாமல், பதிகத்தின் முழு நேரமும் கழிந்த பிறகு விழுந்தால் நொடி எண்ணும் கோளாறு.

அப்புறம் செய்தவருக்கு இதை அப்படியே அனுப்புங்கள்: ‘ஆன் எரர் லிஸனர் வையுங்கள், அது ட்ரூ என்று பதில் தரட்டும், பிழை வந்தால் நட்சத்திரம் தர வேண்டாம்.’ தெரிந்தவருக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

பிள்ளை விரலால் பாட்டைக் கடைசிக்கு இழுத்துவிட்டாலும் பிளேயர் ‘முடிந்தது’ என்றுதான் சொல்லும். அது பழுது இல்லை. வேண்டாம் என்றால் இழுக்கும் வசதியை எடுத்துவிடலாம்.

இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும். செயலி யார் பெயரில் இருக்கிறது? மாத வாடகை கேட்பவர் பெரும்பாலும் செயலியைத் தன் கணக்கிலேயே ஏற்றி வைத்திருப்பார், மூல நிரலையும் (செயலியை உருவாக்க எழுதிய நிரல், சோர்ஸ் கோட்) தரமாட்டார். நாளைக்கு நீங்கள் வேறு ஆளைத் தேடினால் பிள்ளைகளின் நட்சத்திரமும் போய்விடும், செயலியும் போய்விடும். கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க 25 அமெரிக்க டாலர், ஒரே தடவைதான். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். உங்கள் பெயரில் திறந்துகொண்டு, செயலியை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் மாற்றும் வசதி இருக்கிறது, முடியாது என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். மூல நிரல் கைக்கு வரும்வரை பாக்கிப் பணம் இருந்தால் கொடுக்காதீர்கள்.